தங்க வர்த்தகத்தில் ஒரு ரூபாய் இறங்கினால் கையைவிட்டுப் போவது எவ்வளவு?

கேள்வி: எம்சிஎக்ஸ் என்ற பொருள் சந்தையில் கோல்டு மினி என்ற தங்க முன்பேர ஒப்பந்தம் ஒரு லாட் வாங்கினேன். விலை 300 ரூபாய்தான் இறங்கியது; கணக்கில் 3,000 ரூபாய் நஷ்டம் காட்டுகிறது. இது சரியா? யூடியூபில் ‘பிப்’ என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: கணக்கு சரிதான். திரையில் தெரியும் விலை எத்தனை கிராமுக்கு உரியது, நீங்கள் வாங்கிய ஒப்பந்தம் எத்தனை கிராமுக்கு உரியது என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கோல்டு மினியின் விலை 10 கிராமுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு லாட், அதாவது ஒரு முறை வாங்கவோ விற்கவோ கூடிய குறைந்தபட்ச அளவு, 100 கிராம். ஆகவே விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் உங்கள் கணக்கில் 10 ரூபாய் நகரும். 300 ரூபாய் இறங்கினால் 3,000 ரூபாய் போகும்.

ஒரு கிலோ எடையுள்ள பெரிய கோல்டு ஒப்பந்தத்திலும் விலை 10 கிராமுக்குத்தான் என்பதால், அங்கே ஒவ்வொரு ரூபாய்க்கும் 100 ரூபாய். நம் ஊர்ப் பவுன் கணக்கான 8 கிராமுக்கு கோல்டு கினியாவும், ஒரு கிராமுக்கு கோல்டு பெட்டலும் இருக்கின்றன. இவ்விரண்டிலும் விலை சொல்லப்படும் எடையும் லாட்டின் எடையும் ஒன்றே என்பதால் ஒரு ரூபாய் நகர்வு ஒரு ரூபாய்தான். விலை நகரக்கூடிய மிகச்சிறிய அளவான ‘டிக்’ இவை எல்லாவற்றிலும் ஒரு ரூபாய்தான். எனவே டிக்கை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது.

பிப் என்பது வேறு உலகம். விலையின் சிறு நகர்வை எண்ண அந்நியச் செலாவணி வர்த்தகர்கள் பயன்படுத்தும் அலகு அது. டாலரில் ஒரு டிராய் அவுன்சுக்கு, அதாவது 31.1035 கிராமுக்கு, விலை சொல்லும் தளங்களில் புழங்குவது. தங்கத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரே அளவு கிடையாது என்பதே சிக்கல். சிலர் ஒரு சென்ட்டை ஒரு பிப் என்பார்கள், சிலர் பத்து சென்ட்டை. ஸ்டாப்லாஸ் என்பது நஷ்டம் பெருகாமல் வெளியேற முன்கூட்டியே குறித்துவைக்கும் விலை. ‘50 பிப் ஸ்டாப்லாஸ்’ என்று ஒருவர் சொன்னால் அது அரை டாலராகவும் இருக்கலாம், ஐந்து டாலராகவும் இருக்கலாம். 100 அவுன்ஸ் கொண்ட ஒரு லாட்டில் அது 50 டாலருக்கும் 500 டாலருக்கும் உள்ள வித்தியாசம். எத்தனை டாலர் என்று சொல்லாமல் பிப் கணக்கு மட்டும் சொல்பவரின் பேச்சைக் கேட்டு நான் ஆர்டர் போட மாட்டேன். மேலும், அத்தகைய வெளிநாட்டுத் தளங்களுக்கு மார்ஜின் பணம், அதாவது வர்த்தகத்துக்கு ஈடாகக் கட்டும் முன்பணம், அனுப்ப ரிசர்வ் வங்கியின் விதிகள் இந்தியாவில் வசிப்போரை அனுமதிப்பதில்லை.

டாலர் விலையை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். அவுன்சுக்கு ஒரு டாலர் நகர்வு என்பது, டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10 கிராமுக்குச் சுமார் 29 ரூபாய். இறக்குமதி வரி இதன்மேல் சேரும். இந்தப் பொருத்தம் எப்போதும் நிலைக்காது. 2024 ஜூலை மாத பட்ஜெட்டில் வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, உலகச் சந்தையில் அப்படியொரு வீழ்ச்சி இல்லாமலேயே இங்கே விலை சடாரென இறங்கியது.

இனி லாட் எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு வர்த்தகத்தில் நீங்கள் தாங்கக்கூடிய நஷ்டம் 2,000 ரூபாய் என்றும், 10 கிராமுக்கு 500 ரூபாய் கீழே ஸ்டாப்லாஸ் வைக்க நினைக்கிறீர்கள் என்றும் கொள்வோம். கோல்டு மினி ஒரு லாட்டிலேயே 5,000 ரூபாய் போய்விடும். ஆகவே அது உங்களுக்கு ஏற்றதல்ல. அதே 500 ரூபாய் கினியாவில் 400 ரூபாய் ஆகும் என்பதால் ஐந்து லாட் வரை வாங்கலாம். பெட்டலில் 50 ரூபாய் ஆகும் என்பதால் நாற்பது லாட். இரண்டுமே 40 கிராம்தான். தரகுக் கட்டணமும் வரிகளும் இதில் சேரவில்லை. இரவு எம்சிஎக்ஸ் மூடிய பிறகும் அமெரிக்கச் சந்தையில் விலை நகர்ந்துகொண்டிருக்கும் என்பதால், மறுநாள் காலை உங்கள் ஸ்டாப்லாஸ் விலையைத் தாண்டியே சந்தை திறந்தால் நஷ்டம் இந்த 2,000 ரூபாயோடு நிற்காது.