காற்றில் சும்மா கிடக்கும் செனானுக்கும் நியானுக்கும் ஏன் இத்தனை விலை?

காற்றுக்குக் காசில்லையே, ஒரு மெஷின் போட்டுச் செனானை மட்டும் பிரித்து விற்றால் லாபம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இரும்பாலை ஒன்றின் ஆக்சிஜன் பிளான்ட்டில் பல வருஷம் ஷிப்ட் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கட்டாது. காற்று இலவசம்தான். கம்ப்ரசர் குடிக்கும் கரண்ட் இலவசம் இல்லை.

துளியும் வீணாகாமல் எடுத்தாலே, ஒரு லிட்டர் செனான் வாயுவுக்கு 1.15 கோடி லிட்டர் காற்றைக் குளிர வைத்துப் பிரிக்க வேண்டும். அந்த ஒரு லிட்டரின் எடை ஆறு கிராம்கூட வராது. நாளுக்கு 1000 டன் ஆக்சிஜன் எடுக்கும் பிளான்ட்டுக்குள் போகும் காற்றில் ஆர்கான் 55 டன் இருக்கும்; செனான் இரண்டு கிலோவுக்கும் குறைவு. அதனால்தான் வெல்டிங் பட்டறை வரைக்கும் ஆர்கான் சிலிண்டர் வருகிறது. செனானுக்காக மட்டும் யாரும் பிளான்ட் ஓட்டுவதில்லை. கரண்ட் செலவை ஆக்சிஜன் சுமக்கிறது, செனான் அதன் முதுகில் ஏறி வருகிறது.

ஆக்சிஜன் கொதிப்பது மைனஸ் 183 டிகிரியில், செனான் மைனஸ் 108-ல். ஆகவே காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் கோபுரத்தின் அடியில், செனானும் அதைப் போன்ற இன்னொரு அரிய வாயுவான கிரிப்டானும் திரவ ஆக்சிஜனோடு தங்கிவிடும். கூடவே காற்றில் வந்த, எரியும் தன்மையுள்ள ஹைட்ரோகார்பனும் அங்கேதான் சேரும். ஆக்சிஜனுக்குள் அது அடர்ந்தால் வெடிக்கும். பேனலில் அந்த ரீடிங் ஏறினால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம். வால்வைத் திறந்து அடித்திரவத்தை வடிப்போம். குழாயெல்லாம் உறைபனி பூத்து, தரையோடு வெண்புகை பரவும். அந்தப் புகையில்தான் செனானும் போனது. தனிக் கோபுரம் இருந்தால் பிடித்திருக்கலாம், எங்களிடம் இல்லை.

நியான் நேர்மாறு. திரவமாகாமல் உச்சியில் நிற்கும். சோவியத் காலத்துப் பெரிய இரும்பாலைகள் அதைப் பிடித்துவந்தன. அதைச் சுத்திகரித்த உக்ரைன் கம்பெனிகளான மரியுபோலின் இங்காஸ், ஒடேசாவின் கிரையோயின் இரண்டும் சிப் தயாரிப்புக்கான உலக நியானில் ஏறத்தாழ பாதியைக் கொடுத்தன. 2022-ல் ரஷ்யா தொடுத்த போரால் இரண்டும் நின்றன, விலை எகிறியது. விலை ஏறிவிட்டது என்பதற்காக எந்த இரும்பாலையும் கூடுதலாக ஆக்சிஜன் எடுக்காது. புதுப் பிளான்ட் எழும்ப வருஷங்கள் ஆகும். வாங்குகிறவர்தான் மாறிக்கொள்ள வேண்டியிருக்கிறது: ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் தங்களை உந்தும் எஞ்சினுக்குச் செனானை விட்டுக் கிரிப்டானில் தொடங்கி, 2023-ல் ஆர்கானுக்கே வந்துவிட்டன.

நம் நாட்டில் இனிக் கட்டும் பெரிய ஆக்சிஜன் பிளான்ட்களிலாவது அடித்திரவத்தை எடுக்க ஒரு குழாய் வாயை வரைபடத்திலேயே விட்டுவைக்க வேண்டும். கோபுரங்களை அடக்கிய கோல்ட் பாக்ஸை மூடி, குளிர் வெளியேறாமல் தடுக்கும் பெர்லைட் தூளைக் கொட்டிய பிறகு அதைச் செய்வது பெரும்பாடு.