ஃபார்ஈச் ஏன் காத்திருப்பதில்லை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஹட்டன்): சேர், கொழுந்து நிறுவைக் கணக்குக்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு சின்னச் செயலி எழுதுகிறேன். மூன்று பேரின் எடையை சர்வரிலிருந்து எடுத்துக் கூட்ட, பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றும் ஃபார்ஈச்சுக்குள் (forEach), விடை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெயிட் (await) போட்டேன். திரையில் முதலில் ‘மொத்தம் 0’ வருகிறது. அப்புறம்தான் 18, 21, 16. அவெயிட் வேலை செய்யவில்லையா?

பதில்: அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அவெயிட் தான் எழுதப்பட்ட ஃபங்ஷனை (நிரல் துண்டை) மட்டுமே நிறுத்திவைக்கும். உங்களுடையது ஃபார்ஈச்சிடம் கொடுத்த உள் ஃபங்ஷனுக்குள் இருக்கிறது. அந்த ஃபங்ஷன் உடனே ஒரு பிராமிஸை, அதாவது ‘விடை பிறகு வரும்’ என்ற உறுதிச்சீட்டை, திருப்பித் தருகிறது, ஃபார்ஈச் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மடுவத்தில் எல்லாக் கூடையையும் தராசுக்கு அனுப்பிவிட்டு, முள் நிற்கும் முன்பே பேரேட்டை மூடுகிற ஆள் மாதிரி! ஃபார்ஈச் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் 2009 பதிப்பிலேயே வந்துவிட்டது. பிராமிஸ் வந்தது 2015இல், அவெயிட் 2017இல். பிறக்காத பிள்ளைக்கு அது எப்படிக் காத்திருக்கும்?

‘ஃபார் ஆஃப்’ சுற்றுக்கு மாறுங்கள். அதில் உள் ஃபங்ஷன் கிடையாது, ஆகவே நிற்பது உங்கள் ஃபங்ஷனேதான். அந்த ஃபங்ஷனுக்கு முன்னால், உள்ளே அவெயிட்டை அனுமதிக்கும் எசிங்க் (async) என்ற சொல்லைப் போட மறக்க வேண்டாம்.

கேள்வி (பண்டாரவளை): ஃபார் ஆஃப் போட்டேன், விடை சரி. ஆனால் 300 பேருக்கு ஒரு நிமிடம் எடுக்கிறது.

பதில்: எடுக்கத்தான் செய்யும். ஒருவருக்கு 200 மில்லிசெக்கன் என்றால் 300 பேருக்கு 60 செக்கன். நானுஓயாப் பக்கத்து ஒற்றைத் தண்டவாளம் போல, ஒன்று போன பிறகே அடுத்தது. ஒருவர் விடை மற்றவருக்குத் தேவையில்லை என்றால், ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷனை ஓட்டி விடைகளைப் பட்டியலாகத் தரும் மேப்பில் (map) எல்லாக் கோரிக்கையையும் ஒன்றாகக் கிளப்பி, எல்லாப் பிராமிஸையும் ஒன்றாகச் சேர்க்கும் பிராமிஸ் ஆலுக்கு (Promise.all) அவெயிட் போடுங்கள். எது முந்தி வந்தாலும் விடைகள் பழைய வரிசையிலேயே இருக்கும். 300ஐயும் ஒரே மூச்சில் அனுப்பினால் சர்வர் மறுக்கலாம். நானாக இருந்தால் பத்துப் பத்தாகப் பிரிப்பேன்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். மேப்புக்குள் ‘மொத்தம் += அவெயிட் எடை(எண்)’ என்று எழுதாதீர்கள். இடப்பக்கத்து மொத்தம் அவெயிட்டுக்கு முன்பே படிக்கப்பட்டுவிடுகிறது. மூன்று பேரும் 0ஐப் படித்துக்கொண்டு போய், ஆளுக்கொரு முறை அதோடு தங்கள் எடையைக் கூட்டி எழுதுவார்கள். 55 வர வேண்டிய இடத்தில், கடைசியாக வந்தவரின் 16 மட்டும் நிற்கும். பிழைச் செய்தியும் வராது. எடைகளை அரேயாக (பட்டியலாக) வாங்கிக்கொண்டு பிறகு கூட்டுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): மழை நாளில் சிக்னல் போய் ஒரு கோரிக்கை தவறினால், பிராமிஸ் ஆல் மொத்தத்தையும் கைவிட்டுவிடுகிறதே?

பதில்: அதன் சுபாவம் அது. மற்றக் கோரிக்கைகள் ரத்தாவதில்லை, அவற்றின் விடைதான் உங்கள் கைக்கு வராது. 2020 பதிப்பில் வந்த ‘ஆல்செட்டில்ட்’ எல்லாம் முடியும்வரை நின்று, எது வென்றது, எது தோற்றது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். தோற்றவற்றை மட்டும் மறுபடி அனுப்பலாம்.

கேள்வி (பதுளை): எசிங்க் ஃபங்ஷன் கொடுத்தால், வேண்டாதவற்றைக் கழிக்க வேண்டிய ஃபில்டர் (filter) ஒன்றையும் கழிக்காமல் எல்லாவற்றையும் திருப்பித் தருகிறது.

பதில்: ஃபில்டர் கண்ணுக்குப் படுவது பிராமிஸ் என்ற பொருள்தான், உள்ளிருக்கும் ‘இல்லை’ அல்ல. பொருள் என்றாலே அதற்கு ‘ஆம்’. முதலில் மேப்பும் பிராமிஸ் ஆலும் சேர்த்து ஆம்-இல்லைகளை வாங்குங்கள். பிறகு சாதாரண ஃபில்டரில், அதே இடத்து விடையைப் பார்த்துக் கழியுங்கள்.