ஜெஜு தீவில் கோகி குக்சு: தனியாகப் போகலாமா?

அன்புள்ள தம்பி, விடுமுறைக்குத் தென்கொரியாவின் ஜெஜு தீவுக்குப் போகும்போது, பன்றி இறைச்சி நூடுல்ஸான கோகி குக்சு விற்கும் கடைக்குத் தனியாகப் போகலாமா, பன்றி இறைச்சி பழகாத நாக்குக்கு அது ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். இறைச்சியை மேசையிலேயே சுட்டுத் தின்னும் கடைகளில் பெரும்பாலும் இருவருக்குக் குறைந்து தரமாட்டார்கள். குக்சு கடையிலோ ஆளுக்கொரு கிண்ணம் என்பதால், தனியாக வருபவரை யாரும் வேறுவிதமாகப் பார்ப்பதில்லை.

ஜெஜு நகரில் சம்சொங்ஹ்யொல் என்ற பழமையான புனிதத் தலத்தின் அருகே இதற்கென்றே ஒரு குக்சு தெரு இருக்கிறது. பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்க வைத்த சாற்றில் சற்றுத் தடித்த கோதுமை நூடுல்ஸைப் போட்டு, வேகவைத்த இறைச்சித் துண்டுகளை மேலே அடுக்கி, வெங்காயத்தாள் தூவித் தருவார்கள். எரிமலை மண்ணில் தண்ணீர் தங்காததால் நெல் அரிதாகவே விளைந்த அத்தீவில், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வீட்டில் வளர்த்த பன்றியை அடித்து, அது வெந்த சாற்றில் கடற்பாசி சேர்த்து 'மோம்குக்' காய்ச்சி, வந்தவர் அனைவருக்கும் ஊற்றுவது வழக்கம். கோதுமை நூடுல்ஸ் பரவிய பின் அதுவும் அந்தச் சாற்றில் சேர்ந்துகொண்டது. ஆகவே இதை ஏதோ மலிவான கடைத்தெருத் தீனியாக எண்ணாமல், விருந்துச் சோற்றுக்குரிய மதிப்போடு உண்ணுங்கள்.

நம் மசாலா எதுவும் இதில் இருக்காது. இறைச்சியின் வாசம் அப்படியே தெரியும், கொழுப்பும் தோலும் சேர்ந்தே வரும். முதலில் சாற்றை மட்டும் கரண்டியால் குடித்துப் பாருங்கள். பாதிக் கிண்ணத்துக்குப் பிறகு மிளகாய்த்தூள் சேர்க்கலாம். எடுத்த எடுப்பிலேயே சேர்த்தால் சாற்றின் இதமான சுவை காணாமல் போய்விடும். கொழுப்பு திகட்டினால் இடையிடையே கிம்ச்சி எனும் புளித்த காய்கறி ஊறுகாயைக் கடித்துக்கொள்ளுங்கள்.

கரண்டியும் குச்சிகளும் பல கடைகளில் மேசையின் பக்க இழுப்பறையில் இருக்கும். ஆளைக் கூப்பிட 'யொகியோ' ('இங்கே') என்றால் போதும். கிண்ணத்தைக் கையில் தூக்கிக் குடிக்க வேண்டாம். வெளியேறும்போது கல்லாவில் பணம் கட்டுங்கள். டிப்ஸ் வைக்கும் பழக்கம் இங்கே இல்லை. பிற்பகலில் பல கடைகள் இடைவேளை விடுவதால், நண்பகல் கூட்டம் சேருமுன் போய்விடுவது நல்லது.

உடன் வரும் நண்பர் பன்றி உண்ணாதவர் என்றால் அவரை அங்கே அழைத்துப் போகாதீர்கள். அதே கடையில் காரமாகப் பிசைந்து தரும் பிபிம் குக்சு நூடுல்ஸ் மீதும் பெரும்பாலும் பன்றித் துண்டுகளே இருக்கும். காய்ந்த நெத்திலிச் சாற்றில் செய்யும் மியொல்ச்சி குக்சு கிடைக்கும் வேறு கடையை அவருக்காகத் தேடுங்கள்.