மூன்று மணி நேரம் வைத்தும் நல்லி வேகவில்லை: என்ன செய்வது?

கேள்வி: மெல்போர்னில் இருக்கும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அடுத்த மாதம் ஈரோடு வருகிறார்கள். அங்கே ஆட்டின் கால்கறியை, அதாவது நல்லியை, எலும்போடு முழுசாக வைத்து மெதுவாக வேகவைத்துத் தருவார்களாம். கரண்டியால் தொட்டாலே கறி கழன்று வருமாம். வந்த முதல் ஞாயிறு ராத்திரி அதைத்தான் செய்ய வேண்டும் என்று பேரன் சொல்லிவிட்டான். முன்கூட்டியே ஒரு தடவை செய்து பார்ப்போம் என்று, வீடியோவில் சொன்னபடி 3 மணி நேரம் சிறுதீயில் வைத்தேன். கறி ரப்பர் மாதிரி இருந்தது. கடைக்காரர் இளங்கிடா என்றுதான் கொடுத்தார். மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கர் வாங்கினால் சரியாகிவிடுமா? இல்லை, வழக்கம்போல பிரஷர் குக்கரிலேயே வைத்துவிடட்டுமா? மொத்தம் 8 பேர்.

பதில்: ஸ்லோ குக்கர் வாங்க வேண்டாம், அம்மா. உங்களிடம் இருக்கும் அடிகனமான பாத்திரமே போதும். தீயிலும் நீங்கள் தப்புச் செய்யவில்லை. அந்த வீடியோவில் சொன்ன 3 மணி நேரம் வேறொரு வயது ஆட்டுக்கான கணக்கு. உங்கள் கைக்கு வந்தது வேறு ஆடு.

ஆஸ்திரேலியாவில் 'லாம்ப்' என்று எழுதி ஒட்டி விற்பதற்கு ஒரு வரையறை உண்டு. அந்த ஆட்டுக்கு ஒரு வயதுக்குள் இருக்க வேண்டும். அல்லது முன்வரிசையில் பால்பல் விழுந்து முளைக்கும் நிலைப்பல் முழுதாக எழுந்து மேய்ச்சலுக்குப் பயன்படத் தொடங்கியிருக்கக் கூடாது. 2019 முதல் இப்படித்தான். உங்கள் மகன் அங்கே எந்தக் கடையில் 'லாம்ப்' என்று வாங்கினாலும் அது இளம் ஆட்டின் கால்தான். நம் ஊரில் கறிக்கடையில் தொங்கும் ஆட்டுக்கு வயது என்ன என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. எட்டு மாதக் குட்டியும், நாலைந்து ஈற்றுக்குப் பிறகு கழித்துவிட்ட தாயாடும் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் ஒரே விலைக்குத் தொங்குகின்றன. வாங்குகிறவர் எப்படித்தான் கண்டுபிடிப்பார்?

வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடு நாள் முழுக்க நடப்பதால் காலில் ஜவ்வு அதிகம். சதை இழைகளைக் கட்டிப் பிடித்திருப்பது அதுதான். 60, 65 டிகிரி சூட்டிலேயே சதை சுருங்கித் தண்ணீரை வெளியே விட்டுவிடும். ஜவ்வோ 70 டிகிரியைத் தாண்டினால்தான் இளக ஆரம்பிக்கும். 85 முதல் 95 டிகிரிக்குள் பொறுமையாக நின்றால்தான் முழுதாகக் கரைந்து குழம்போடு பசையாகச் சேரும். அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் கறி பச்சையாக இருந்ததைவிடக் கட்டியாகத்தான் இருக்கும். பெரும்பாலானோர் பயந்துபோய்த் தீயைக் கூட்டுவது அப்போதுதான். கூட்டாதீர்கள். ஜவ்வு கரைவதற்கு முன்னால் இந்தக் கட்டம் வந்தே தீரும்.

குட்டியின் ஜவ்வு சீக்கிரம் கரையும். ஆட்டுக்கு வயது ஏற ஏற ஜவ்வின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிப் போகும். கிழ ஆட்டின் காலை அதே 90 டிகிரியில் 3 மணி நேரம் வைத்தாலும் பாதிதான் கரைந்திருக்கும். உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது கறிக்கடை. இந்தச் சமையலில் பாதி அங்கேதான் நடக்கிறது.

முதலில் எந்த இடம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'ஆட்டுக்கால்' என்று கேட்டால் பாயாவுக்குப் போடும் குளம்புக் காலைத் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது அதற்கு மேலே உள்ள பகுதி. முன்னங்காலில் முட்டிக்கும் சப்பைக்கும் நடுவில் இருப்பதும், பின்னங்காலில் தொடைக்குக் கீழே இருப்பதும். "நல்லியை முழுசாக வேண்டும், வெட்டக் கூடாது" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். கத்தி ஓங்கியே பழகிய கை, நீங்கள் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் நாலு துண்டு போட்டுவிடும்.

ஓர் ஆட்டில் இப்படிப்பட்ட கால் நாலுதான் கிடைக்கும். 8 பேருக்கு ஆளுக்கொன்று என்றால் 2 ஆடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்று "எட்டு நல்லி கொடுங்கள்" என்றால் மூன்று நாலு ஆட்டிலிருந்து பொறுக்கித்தான் தருவார். ஒன்று குட்டி, இன்னொன்று கிழடு. எல்லாம் ஒரே பாத்திரத்தில் போனால் இரண்டு குழைந்துவிடும், மற்றவை அப்படியே நிற்கும். கடைசியில் பழி சமைத்தவர் தலையில்தான் விழும். எனவே புதன்கிழமையே சொல்லிவையுங்கள். ஒரே பட்டியில் வளர்ந்த, ஒரே வயதுள்ள இரண்டு ஆட்டின் கால்கள் வேண்டும் என்று கேளுங்கள். வருஷக்கணக்காக வாங்கும் கடையாக இருந்தால் செய்வார்.

வயதைப் பார்க்க எளிய வழி பல். கடையில் தலையை வைத்திருப்பார்கள். ஆட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பல், மொத்தம் 8. எட்டும் சின்னதாக, ஒரே அளவாக இருந்தால் பால்பல். அதுதான் உங்களுக்கு வேண்டியது. நடுவில் இரண்டு மட்டும் பெரிதாக இருந்தால் ஒன்றரை வயதுக்குப் பக்கம், அதுவும் பரவாயில்லை. நாலு பெரிய பல் என்றால் இரண்டு வயதை நெருங்கியது அல்லது தாண்டியது. ஆறு, எட்டு என்று பெரிய பல் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் ஒன்று: மேசையில் இருக்கும் தலையும் கொக்கியில் தொங்கும் உடலும் ஒரே ஆட்டுடையவைதான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் விலா எலும்பையும் பாருங்கள். குட்டியின் விலா ஒடுக்கமாக, சிவப்பு ஓடி இருக்கும். முதிர்ந்த ஆட்டின் விலா அகலமாக, தட்டையாக, வெளுத்துப் போயிருக்கும். இதை யாராலும் மறைக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர்களிடம் இந்தச் சமையலுக்கு மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அவர்களில் பலர் ஆட்டை உயிரோடு பார்த்ததே இல்லை. எங்கோ ஓரிடத்தில் மொத்தமாக எடுத்து, பையில் போட்டு, 'இளங்கிடா', 'நாட்டாடு', 'மேச்சேரி' என்று சீட்டு ஒட்டுகிறார்கள். மேச்சேரிச் செம்மறி நல்ல கறிதான், உங்கள் பக்கத்து ஆடுதான். ஆனால் மேச்சேரியிலும் கிழடு உண்டு. இனத்தின் பெயர் வயதைச் சொல்லாது. உறைந்த கறியை 'இறக்குமதி லாம்ப்' என்று சொல்லி இரட்டை விலை கேட்பவர் வந்தால் சிப்பத்தின் மேல் அச்சடித்த நாட்டின் பெயர், பதப்படுத்திய தேதி, உரிம எண் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

"முத்திரை குத்திய கறிதானே?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த நீல முத்திரை, ஆட்டுக்கு நோய் இல்லை என்று மருத்துவர் பார்த்ததற்கு மட்டும்தான் அடையாளம். வயதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகளின்படி, நகர எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்துக்கு வெளியே ஆடு அறுக்கக் கூடாது. ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 ஆட்டுக்கு மேல், நாளுக்கு 96 ஆட்டுக்கு மேல் பார்க்கக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் ஞாயிறு விடியற்காலையில் எந்த ஊரிலும் தெருவோரக் கடைகளின் பின்கட்டைப் போய்ப் பாருங்கள். இந்த விதி எழுதி இத்தனை வருஷமாகியும், வாங்குகிறவர் தானே ஆட்டின் பல்லை எண்ண வேண்டிய நிலைமைதான். ஒரு சீட்டில் 'இரண்டு பல்', 'நாலு பல்' என்று எழுதித் தொங்கவிட என்ன செலவாகும்? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சரி, சமையலுக்கு வருவோம்.

கறியைச் சனிக்கிழமை காலையில் வாங்குங்கள். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துப் போகும். அது தளர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். விடியற்காலை அறுத்ததை மதியமே அடுப்பில் ஏற்றுவது நம் வழக்கம். சின்னத் துண்டுக் குழம்புக்கு அது பெரிதாகத் தெரியாது, முழு நல்லிக்குத் தெரியும். கழுவி, ஈரம் ஒற்றி, கிலோவுக்கு 2 மட்டமான டீஸ்பூன் உப்புத் தடவி, மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள், விறைத்த சதை விறைத்தபடியே உறைந்துவிடும்.

பப்பாளிக்காய் அரைத்துப் பூசவே கூடாது. அதன் சாறு சதையைத்தான் அரிக்கும், ஜவ்வின் பக்கம் அவ்வளவாகப் போகாது. 60, 70 டிகிரியில்தான் அதற்கு வேகம் அதிகம். மெதுவாகச் சூடேறும் பாத்திரத்தில் அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் நிற்பதால் மேல்கறி கூழாகிவிடும், உள்ளே கட்டியாக இருக்கும். சமையல் சோடாவும் வேண்டாம். 'மட்டன் மசியல் பொடி' என்று பாக்கெட்டில் வருவதில் பெரும்பாலும் இதே சரக்குதான்.

ஞாயிறு மதியம் 2 மணிக்கு ஆரம்பியுங்கள். நம் ஊர் நல்லி ஒவ்வொன்றும் 200 முதல் 300 கிராம் வரும், எட்டும் சேர்ந்து 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடலை எண்ணெயில் இரண்டிரண்டாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க விட்டு எடுத்துவையுங்கள். அதே எண்ணெயில் பட்டை, சோம்பு, கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடச் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, 3 தக்காளி, மஞ்சள், மல்லித்தூள், மிளகு. பேரப்பிள்ளைகளுக்காக மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள். மசாலா உங்கள் வீட்டுக் கைப்பக்குவம், அதில் நான் தலையிடவில்லை. கறியைத் திரும்ப அடுக்கி, பாதி உயரத்துக்கு மட்டும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கொதி வந்ததும் சின்ன அடுப்புக்கு மாற்றி, அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை ஏற்றுங்கள். மூடியின் விளிம்பில் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டலாம். ஆனால் முதல் தடவை ஒட்டாதீர்கள், திறந்து பார்க்க வேண்டியிருக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழ் வர வேண்டும். தளதளவென்று கொதித்தால் தீ அதிகம்.

அரை மணிக்கு ஒரு தடவை புரட்டிவிடுங்கள். பால்பல் ஆட்டுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் போதும். இரண்டு பல் என்றால் மூன்று, மூன்றே கால். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் எலும்பின் நுனியைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். கறிக்குள்ளேயே எலும்பு சுழன்றால் வெந்துவிட்டது. சதை நுனியிலிருந்து ஓர் அங்குலம் மேலேறியிருக்கும். முன்னங்கால் நல்லி சின்னது, முதலில் வெந்துவிடும். அதை எடுத்துத் தனியாக மூடிவையுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றுவதாக இருந்தால் கடைசி 15 நிமிடத்தில்.

இனி குக்கர். முழு நல்லிக்குக் குக்கர் வேண்டாம் என்பதுதான் என் பொதுவான பதில். ஆனால் ஒரு சமயம் அது வேண்டும், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் வாய்க்கப் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். எவ்வளவு சொல்லியும் கடைக்காரர் கிழட்டு ஆட்டின் காலைத் தலையில் கட்டிவிட்டார், அல்லது 3 மணி நேரம் ஆகியும் எலும்பு அசையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்ட முடியாது. குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். இறுகிப் பிணைந்த ஜவ்வுக்கு அந்தச் சூடுதான் மருந்து. கிழடு என்று முன்னமே தெரிந்தால், வதக்கி முடித்ததும் குக்கரில் வைத்து, ஆவி நிறைந்த பிறகு தீயை முழுக்கக் குறைத்து 20 நிமிடம் வையுங்கள். விசில் எண்ணாதீர்கள். ஒரு குக்கரின் விசிலும் இன்னொன்றின் விசிலும் ஒரே அளவு இல்லை, நிமிடத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை தொடவே கூடாது. வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால், உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கிச் சதைக்குள் இருக்கும் நீரே கொதித்து வெளியேறும். கறி நார் நாராகப் பிரியும், ஆனால் வாயில் வறட்சியாக இருக்கும். அடங்கிய பிறகு எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு மணி நேரம் குமிழ் அளவுத் தீயில் வையுங்கள். மசாலா உள்ளே இறங்குவது இந்த ஒரு மணி நேரத்தில்தான், இதைத் தவிர்த்தால் வேகவைத்த கறியும் குழம்பும் தனித்தனியாக நிற்கும். பாதி வெந்து நின்றுபோன கறி என்றால் 20க்குப் பதில் 10 நிமிடம், மற்றதெல்லாம் இதேபோல.

யாராவது ஸ்லோ குக்கரைப் பரிசாகக் கொண்டுவந்துவிட்டால், உறைந்த கறியை அதில் போடாதீர்கள். 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் நிற்கும் கறியில் கிருமி பெருகும். நீங்கள் வெளியே போயிருந்தபோது மின்சாரம் நின்று எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாவிட்டால், அந்தக் கறியைச் சாப்பிட வேண்டாம்.

வெந்ததும் உடனே பரிமாறாமல் அரை மணி நேரம் மூடி வையுங்கள், மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடலாம். முடிந்தால் சனிக்கிழமை ராத்திரியே சமைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஞாயிறு மாலை மெல்லிய தீயில் சூடாக்குங்கள். அப்படியென்றால் கறியை வெள்ளிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். விருந்து வைக்கும் நாளில் நெடுநேரம் அடுப்படியில் நிற்க வேண்டியதும் இருக்காது. எலும்பை வெட்டாமல் வைத்ததால் மஜ்ஜை உள்ளேயே இருக்கும். பெரியவர்கள் நுனியைத் தட்டி எடுத்துக்கொள்வார்கள், சின்னக் குழந்தைகளுக்கு நீங்களே தட்டிச் சோற்றில் பிசைந்து கொடுங்கள்.