மூன்று நாள் ஜூஸ் மட்டும்: அதற்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு 34 வயது, எடை 62 கிலோ. அலுவலகத் தோழிகளோடு சேர்ந்து மூன்று நாள் வெறும் ஜூஸ் குடித்து டீடாக்ஸ் இருக்கப் போகிறேன். போன முறை இருந்த ஒரு தோழி, முடித்த அன்று ராத்திரியே பரோட்டா சால்னா சாப்பிட்டு வயிற்று வலியில் துடித்துவிட்டாள். முதல் நாளே எல்லோருக்கும் மண்டையிடி வேறு. முன்னும் பின்னும் என்ன சாப்பிட வேண்டும்? சுகர் மாத்திரை போடும் என் மாமியாரும் கூடவே இருக்கிறேன் என்கிறார், இருக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மாமியார் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை, சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால், சுகர் மீட்டரில் அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகலாம். அதோடு 200 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில், சீனி போடாமலேயே ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும்கூட இதில் இறங்கக் கூடாது.

சரி, இப்போது உங்களுக்கு. உடம்பின் கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன, ஜூஸ் அதில் புதிதாக எதையும் கழுவித் தருவதில்லை. மூன்று நாளில் ஒன்றிரண்டு கிலோ குறைவது பெரும்பாலும் நீர்தான். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் தீரும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் போகும். சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்பி வரும், அப்போது மனம் உடைந்து மறுபடி பட்டினி கிடக்காதீர்கள்.

மண்டையிடிக்குப் பெரும்பாலும் காப்பியை ஒரேயடியாக நிறுத்துவதுதான் காரணம். கடைசி காப்பி குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அது ஆரம்பித்துவிடும். அதனால் நான்கைந்து நாள் முன்பிருந்தே குறையுங்கள், மூன்று வேளை குடிக்கிறவர் இரண்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் அரை டம்ளர் என்று. சாப்பாட்டில் எண்ணெய்ப் பலகாரம், பேக்கரி அயிட்டம், இறைச்சி ஆகியவற்றைக் கடைசி இரண்டு நாள் நிறுத்திவிட்டு இட்லி, ரசம் சாதம், பாசிப்பருப்பு போட்ட பீர்க்கங்காய்க் கூட்டு, மோர் என்று இருங்கள். பருப்பையோ முட்டையையோ விடாதீர்கள். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை, ஜூஸில் அது அநேகமாக இல்லை. 'நாளையிலிருந்து ஒன்றும் கிடையாதே' என்று முந்தின ராத்திரி பிரியாணி கட்டுவது பலரும் செய்வது, முதல் நாள் வயிறு உப்பிக்கொள்வதற்கு அதுவே போதும்.

அந்த மூன்று நாளிலும் உப்புப் போட்ட நீர்மோரும் பருப்புத் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாராவது 'அது டீடாக்ஸ் இல்லை' என்றால் சொல்லட்டும். தலை சுற்றினாலோ படபடவென்று வந்தாலோ அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது நான்காம் நாளைப் பற்றித்தான். கொழுப்பே உள்ளே போகாத நாட்களில் பித்தப்பைக்கு வேலை குறைந்து பித்தநீர் அங்கேயே தேங்கி நிற்கும், திடீரென்று எண்ணெய் மிதக்கிற சால்னா வந்தால் சிலருக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். உங்கள் தோழிக்கு அதுதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, அந்த வலி மறுபடி வந்தால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏகாதசி இருக்கிற வீடுகளில் துவாதசிப் பாரணைக்குப் புளியும் காரமும் விட்டுவிட்டு அகத்திக்கீரை, நெல்லிக்காய் என்று சமைப்பார்கள். விரதத்தை எப்படி முடிப்பது என்பதற்கும் முறை வைத்திருந்தார்கள், அந்தக் கவனம்தான் இப்போதைய ஜூஸ் பேக்கேஜ்களில் காணோம்.

நான்காம் நாள் காலையில் எழுந்ததும் நொய்க்கஞ்சி, நீர்க்க, உப்புப் போட்டு ஒரு கிண்ணம் போதும். பசித்தாலும் இரண்டு மணி நேரம் பொறுத்து ஒரு வாழைப்பழமோ இன்னொரு கிண்ணம் கஞ்சியோ எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் குழைய வடித்த சாதத்தில் பாசிப்பருப்பும் அரை ஸ்பூன் நெய்யும் விட்டு, மிளகு குறைத்த ரசம். ராத்திரி இரண்டு இட்லி. மறுநாள் அவித்த முட்டை, தயிர் சாதம், வேகவைத்த காய் வரலாம். கொண்டைக்கடலை, மீன், கோழி எல்லாம் அதற்கும் அடுத்த நாள். பரோட்டா ஒரு வாரம் கழித்து.

ஐந்து நாளுக்கு மேல் இதை இழுக்க வேண்டாம். அதற்கு மேல் பட்டினி கிடந்தவர்கள் ஒரேயடியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயத்துடிப்பே தடுமாறலாம். அது டாக்டர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய நிலை.

இன்னொன்று, பட்டியலில் சுரைக்காய்ச் சாறு இருந்தால் நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே துப்பிவிடுங்கள். லேசாகக் கசந்தாலும் அந்தக் காய் குப்பைக்குத்தான், தேன் விட்டோ எலுமிச்சை பிழிந்தோ குடிக்கக் கூடாது. கசப்புச் சுரைக்காயில் உள்ள குக்கர்பிட்டாசின் நஞ்சு, 2010-இல் தில்லியில் ஒரு விஞ்ஞானி அப்படிக் கசந்த சாற்றைக் குடித்து இறந்திருக்கிறார். இதை உங்கள் தோழிகள் எல்லோரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.