பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி: ஒயர்லெஸ் ஹெட்போன் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலிருந்தே ஐடி வேலை. 18,000 ரூபாய் கொடுத்து, தலையில் மாட்டும் ஒயர்லெஸ் ஹெட்போன் வாங்கினேன். பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் லேப்டாப்பில் மீட்டிங்கில் சேர்ந்த அடுத்த நொடியே எல்லாம் தகர டப்பாவுக்குள் போன மாதிரி ஆகிவிடுகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இது பழுது இல்லை. மாற்றி வாங்கினாலும் பெரும்பாலும் இதேதான் நடக்கும்.

ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறொரு வழி. பாட்டு வரும் வழிக்கு ஏ2டிபி என்று பெயர். அதில் ஒலி லேப்டாப்பிலிருந்து உங்கள் காதுக்கு ஒரே திசையில், ஸ்டீரியோவாக வரும். ஹெட்போனின் மைக் திறந்துவிட்டால் ஒலி வரவும் வேண்டும், போகவும் வேண்டும். அதற்கு எச்எஃப்பி என்ற வழிக்குத் தாவிவிடும். அது ஃபோன் பேசுவதற்காகவே போட்ட குறுகலான சந்து. இடது, வலது என்ற பிரிவு அதில் கிடையாது. நொடிக்கு ஒலியின் 16,000 மாதிரிகள் (அளவீடுகள்) மட்டுமே எடுப்பதால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் வராது. பழைய கருவிகளில் 8,000 மாதிரிகள்தான், அதாவது 4,000 ஹெர்ட்ஸோடு சரி. 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை பெரும்பாலும் அந்த 4,000-க்கு மேலேதான் இருக்கிறது. இனிஷியல் 'எஸ்'ஸா 'எஃப்'பா என்று மறுமுனையில் மூன்று தடவை கேட்பது இதனால்தான்.

இதற்கு வழி எளிது. ஹெட்போனைக் காதுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மைக் வேலையை லேப்டாப்பிடமே விட்டுவிடுங்கள். ஜூமில் மியூட் பொத்தானை ஒட்டி ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் மைக் பட்டியல் வரும். ஹெட்போன் பெயருக்குப் பதிலாக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். டீம்ஸ், மீட் இரண்டிலும் செட்டிங்ஸில் இதே தேர்வு உண்டு. விண்டோஸ் 11-ல் மொத்தமாக மாற்ற, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் சவுண்ட், அதற்குள் இன்புட். மாற்றியதும் சில நொடிகளில் ஒலி பழையபடி விரியும். விரியவில்லை என்றால் வேறு ஏதோ ஒரு ஆப் அல்லது பிரவுசர் டேப் ஹெட்போன் மைக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை மூடுங்கள்.

லேப்டாப் மைக்கில் மின்விசிறிச் சத்தம் அதிகம் விழுந்தால், சட்டைக் காலரில் குத்தும் யுஎஸ்பி மைக் ஒன்று போதும். 2020-ல் வெளியான ப்ளூடூத் 5.2-ஐ ஒட்டி வந்த எல்ஈ ஆடியோ என்ற புது முறை, எல்சி3 என்ற கோடெக்கை (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) கொண்டு இந்தக் குறுகல் வழியை அகலப்படுத்துகிறது. ஹெட்போன், லேப்டாப் இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன். ஒன்றில் மட்டும் இருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: 'இஎன்சி இருக்கிறது, சத்தமே கேட்காது' என்று கடையில் சொன்னார்கள். பஸ்ஸில் போட்டால் இன்ஜின் சத்தம் அப்படியே கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, தாம்பரம்

பதில்: பெட்டியில் எழுதியிருப்பது பொய்யாக இருக்காது. உங்களுக்குச் சொன்ன விளக்கம்தான் தவறு. இஎன்சி என்பது நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தத்தை மைக்கிலிருந்து கழிப்பது. அதன் பலன் மறுமுனையில் இருப்பவருக்கு. உங்கள் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி. வெளிச்சத்தத்தை மைக்கால் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை ஸ்பீக்கரில் எழுப்பி அடக்குவது அது.

ஏஎன்சியும் எல்லாச் சத்தத்தையும் தின்றுவிடாது. இன்ஜின், ஏசி, மின்விசிறி போன்று ஒரே சீராக ஓடும் தாழ்ந்த ஒலிகளில், ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸ் வரைதான் அதன் வீரம். ஏர்ஹாரன், பக்கத்து இருக்கைப் பேச்சு, குழந்தை அழுகை ஆகியவற்றைக் குறைப்பது காதை அடைக்கும் ரப்பரும் மெத்தையும்தான். நல்ல ஏஎன்சி போட்டும் பேச்சுக் குரல் கேட்கிறதே என்று வருந்த வேண்டாம்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். கச்சேரிப் பதிவுகள்தான் நாள் முழுக்கக் கேட்கிறேன். பேரன் வாங்கித் தந்த இயர்பட்ஸில் மிருதங்கம் எல்லாம் ஒரே 'தொம் தொம்'. பாடகர் குரலே அமுங்கிப் போகிறது. எனக்கு ஏற்றது எது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: குறை உங்கள் காதில் இல்லை. இயர்பட்ஸ் பலவற்றை சினிமாப் பாட்டின் பீட் அதிரும்படி தாழ்ந்த சுருதிகளைத் தூக்கி வைத்தே தயாரிக்கிறார்கள். மிருதங்கத்தில் இது முதலில் கெடுப்பது தொப்பியை. ரவை பூசிய அந்த இடது பக்கத்தில் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் கும்கி, சுருதி ஏறி இறங்கும் ஒலி. நல்ல ஹெட்போனில் அந்த வளைவு தெரியும். பேஸ் கூடிய ஹெட்போனில் எல்லாம் ஒரே உருண்டையாக விழும். ஆண் குரலின் அடித்தளமும் அதே பகுதியில் இருப்பதால் அதுவும் சேர்ந்து அமுங்கும்.

புதிதாக வாங்கும் முன் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். அந்த கம்பெனியின் ஆப்பில், தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருக்கும். 60 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள கோடுகளை 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். சோனி ஆப்பில் இதற்கென்று 'க்ளியர் பேஸ்' என்ற கோடே தனியாக உண்டு. மேல் பகுதியைத் தொடாதீர்கள். பலரும் தெளிவு வேண்டி அதை ஏற்றுகிறார்கள். வயலின் கீச்சிடுவதுதான் மிச்சம்.

புதிதாக வாங்குவதானால், உங்களுக்குக் காதை முழுக்க மூடும் பெரிய வகைதான் சரி. கடைக்கு உங்கள் பதிவையே கொண்டுபோய் மூன்று இடங்களைக் கேளுங்கள். முதலில், பாட்டு தொடங்குமுன் வரும் தம்புரா. ஜீவாளி நூல் தரும் அந்த ரீங்காரம் இழையிழையாகக் கேட்க வேண்டும், வெறும் 'ம்ம்' என்று கேட்டால் அந்த ஹெட்போன் வேண்டாம். அடுத்து தனி ஆவர்த்தனம். வலது பக்கச் சாப்பு அடியும் இடது பக்கக் கும்கியும் ஒன்றாக விழும்போது இரண்டும் தனித்தனியே தெரிகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடம். காது கூசினால் அரை மணி நேரத்துக்கு மேல் அதில் கேட்க முடியாது. டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் ஸ்பீக்கர், 30 மில்லிமீட்டரா 40 மில்லிமீட்டரா என்ற கணக்கைக் கடைக்காரரோடு விட்டுவிடலாம். சோனியே 1000எக்ஸ்எம்4 மாடலில் வைத்திருந்த 40-ஐ அடுத்து வந்த எக்ஸ்எம்5-ல் 30 ஆக்கியது.

மூக்குக் கண்ணாடி அணிபவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே சோதியுங்கள். தடித்த கண்ணாடிக் கால் மெத்தைக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விடும். அதன் வழியே பேஸும் ஏஎன்சியும் கசிந்துவிடும்.

கேள்வி: எல்டாக் உள்ள மாடல் 4,000 ரூபாய் அதிகம். என்னிடம் இருப்பது ஐஃபோன். வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: எல்டாக் என்பது ப்ளூடூத்தில் பாட்டைக் கூடுதல் நுட்பத்தோடு அனுப்பும் ஒரு கோடெக். அதற்காக என்றால் வேண்டாம். ஐஃபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு கோடெக்குகளில் மட்டுமே பாட்டை அனுப்பும். எல்டாக்கும் ஆப்ட்எக்ஸும் அதில் கிடையாது. ஆனால் ஐஃபோனின் ஏஏசி நன்றாகவே இருக்கும்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்டாக் 330, 660, 990 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) என்று மூன்று படிகளில் ஓடும். ரயில் நிலையம் போல ப்ளூடூத்தும் வைஃபையும் நெரியும் இடத்தில் 990 நிற்காது, கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசியே 328 வரை போகக்கூடியது. வாங்கியவர்கள் ப்ளூடூத் பட்டியலில் ஹெட்போன் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தட்டி, எல்டாக் இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். பல ஃபோன்களில் அது அணைந்தே கிடக்கும். சில மாடல்களில், 2020-ல் வந்த சோனி எக்ஸ்எம்4 உட்பட, ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைக்கும் வசதியைப் போட்டால் எல்டாக் போய்விடும்.

கேள்வி: விற்பனைப் பிரிவில் வேலை. தினமும் 4, 5 மணி நேரம் பைக்கை ஓரம் கட்டி ஃபோன் பேச வேண்டும். எந்த இயர்பட்ஸ் போட்டாலும் 'கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது' என்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

பதில்: இயர்பட்ஸின் மைக் உங்கள் வாயிலிருந்து ஏறக்குறைய அரைச் சாண் தள்ளி, காதோரம் இருக்கிறது. லாரிச் சத்தம் உங்கள் குரலைவிடப் பலமாக அதில் விழும். உள்ளே இருக்கும் மென்பொருள் சத்தத்தைக் கழிக்கப் பார்த்துக் குரலிலும் பாதியைக் கழித்துவிடும். கிணற்றுக் குரல் அப்படி வருவதுதான். காற்று அடித்தால் இன்னும் மோசம்.

உங்கள் வேலைக்கு வாயருகே நீளும் குச்சி மைக் உள்ள ஒற்றைக் காது ஹெட்செட்தான் சரியான கருவி. பாட்டுக்கு அது ஆகாது. தினம் 5 மணி நேரப் பேச்சு சோறு போடுகிறது என்றால், பாட்டுக்கு வேறொன்று தனியாக வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டையும் ஒன்றில் தேடித்தான் பலர் இரண்டு மூன்று தடவை காசை விடுகிறார்கள்.

எதை வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடியுமுன் மைக்கைச் சோதியுங்கள். ஃபோனின் ரெக்கார்டர் ஆப் பெரும்பாலும் ஃபோன் மைக்கில்தான் பதியும். அதை நம்பாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் ஃபோன் போட்டு, ஓடும் மின்விசிறிக்குக் கீழே ஒரு நிமிடம், மொட்டை மாடிக் காற்றில் ஒரு நிமிடம், சாலையோரத்தில் ஒரு நிமிடம் பேசுங்கள். பேச்சுக்கு நடுவே கலைத்துப் போட்ட பத்து எண்களைச் சொல்லி, அவர் எழுதிக்கொண்டதைச் சரிபாருங்கள். ஃபோனில் 4ஜி வழியாகப் பேச வைக்கும் வோல்ட்இ இயக்கத்தில் இருக்க வேண்டும். அது அணைந்து அழைப்பு 2ஜிக்கு இறங்கினால் எந்த ஹெட்செட்டாலும் குரலை மீட்க முடியாது.

கேள்வி: வாங்கி எட்டு மாதம். வலது இயர்பட்ஸில் சத்தம் பாதிதான் வருகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் ஃபோனின் அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் இடது-வலது பேலன்ஸ் கோடு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், பத்துக்கு ஒன்பது காது அழுக்குதான். ரப்பரைக் கழற்றி, குழல் நுனியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிற வலையில் மஞ்சளாக மெழுகு பூத்திருக்கும். குழல் தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான டூத்பிரஷால் குறுக்கும் நெடுக்கும் இருபது தடவை தேயுங்கள், உதிர்வது கீழே விழட்டும். மேல் நோக்கிப் பிடித்தால் உதிர்ந்தது உள்ளே போகும். ஊக்கு, ஊசி கூடாது. வலை கிழிந்தால் மெழுகு நேராக ஸ்பீக்கர் சவ்வில் ஒட்டும். தண்ணீரும் வேண்டாம். ரப்பரை மட்டும் தனியாகச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் இயர்பட்ஸுக்கு விடுமுறை கொடுங்கள், காதில் தங்கும் எண்ணெய் வலையில் ஏறி மெழுகைப் பிசினாக்கும்.

கேள்வி: ஐந்து வருடம் உழைக்க வேண்டும். இயர்பட்ஸா, பெரிய ஹெட்போனா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பெரியது. காரணம் பேட்டரிக் கணக்கு. லித்தியம் பேட்டரி சுமார் 500 முழுச் சார்ஜ்களில் கணிசமாகத் தளர்ந்துவிடும். தினம் 6 மணி நேரம் கேட்பவருக்கு, 5 மணி நேரம் ஓடும் இயர்பட்ஸ் தினம் ஒரு முழுச் சார்ஜுக்கு மேல் தின்னும். ஒன்றரை வருடத்துக்குள் 500 தீர்ந்துவிடும். 30 மணி நேரம் ஓடும் ஹெட்போனுக்கு ஐந்து நாளுக்கு ஒரு சார்ஜ். அதே 500-க்கு 2,500 நாள். இயர்பட்ஸில் பேட்டரியை மாற்றுவதும் பெரும்பாலும் நடவாத காரியம்.

பெரியதில் முதலில் போவது காது மெத்தை. செயற்கைத் தோல் வியர்வையிலும் கடற்கரை ஈரக்காற்றிலும் ஓரிரு வருடத்தில் கறுப்புச் செதிலாக உரியும். மெத்தை கழற்றக்கூடியதா, தனியாக விற்கிறார்களா என்று வாங்குமுன்பே விசாரியுங்கள். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சானிடைசர் தோலைச் சீக்கிரம் கெடுக்கும்.

கேள்வி: 12 வயது மகள் ஆன்லைன் வகுப்பு, பாட்டு என்று நாளெல்லாம் ஹெட்போனும் கையுமாக இருக்கிறாள். எவ்வளவு சத்தம் வரை பரவாயில்லை?
– வாசகி, மதுரை

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். அதன்படி உங்கள் மகளுக்கு 78-ல் வாரம் 20 மணி, 81-ல் 10 மணிதான்.

கண்ணால் பார்த்து இதைக் கட்டுப்படுத்த முடியாது, ஃபோனிலேயே பூட்டுங்கள். ஐஃபோனில் சவுண்ட்ஸ் பகுதிக்குள் ஹெட்போன் சேஃப்டி இருக்கிறது. அதில் உச்ச அளவை 75 வரை இறக்கலாம். சாம்சங்கில் வால்யூம் பகுதியின் மூன்று புள்ளிகளுக்குள் மீடியா வால்யூம் லிமிட் இருக்கிறது, அங்கே பின் எண்ணும் வைக்கலாம். மின்விசிறிச் சத்தத்தை மீறிக் கேட்கத்தான் பிள்ளைகள் வால்யூமை ஏற்றுகிறார்கள் என்பதால், காதை நன்றாக மூடும் ஹெட்போன் இங்கே வெறும் சொகுசு இல்லை. மகளின் தலைக்குப் பொருந்தும் அளவாகப் பார்த்து வாங்குங்கள். வகுப்புக்கு மட்டும் லேப்டாப் ஸ்பீக்கரையே போடச் சொன்னால் வாரக் கணக்கில் பல மணி நேரம் மிச்சமாகும்.