சுவருக்குள் போகும் பெட்டிகள்: கேள்வி – பதில்

சுவிட்சின் நிறத்துக்காக நாலு கடை ஏறி இறங்குகிறோம். அதைத் தாங்கும் பெட்டி என்னவென்று யாரும் கேட்பதில்லை. சுவிட்ச் பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பெட்டியை மாற்ற உளி எடுக்க வேண்டும். அந்தப் பெட்டிகளைப் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

புது வீட்டுக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) மெட்டல் பாக்ஸ் வாங்கச் சொல்கிறார் எலக்ட்ரீசியன். கடைக்காரரோ பிவிசி பாக்ஸ்தான் நல்லது என்கிறார். எதை வாங்குவது?
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் சரிதான், இரண்டிலும் மலிவு ரகம்தான் தப்பு.

மெட்டல் பாக்ஸின் பலம், பூச்சு வேலையில் மட்டக்கோல் இடித்தாலும் கோணாது. பலவீனம் துரு. தகட்டை வெட்டிய விளிம்பிலும் வெல்டிங் புள்ளியிலும் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். கடலோர ஊர், குளியலறைக்கு ஒட்டிய சுவர், ஈரமேறும் தரைத்தளச் சுவர் ஆகிய இடங்களில் பிவிசி அல்லது பாலிகார்பனேட் பெட்டிக்கே எங்கள் ஓட்டு.

மெட்டல் பாக்ஸ் போட்டால் அதற்குத் தனியாக எர்த் கொடுத்தே ஆக வேண்டும். சாக்கெட்டின் எர்த் முனையில் பச்சை வயரை மாட்டிவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிடுவது நாம் எங்கும் பார்க்கும் தப்பு. பிளேட்டை முடுக்கும்போது ஒரு ஃபேஸ் வயர் (மின்சாரம் வரும் வயர்) நசுங்கினால் போதும், பெட்டியும் அதில் இறங்கும் திருகுகளும் ஷாக் அடிக்கும். எர்த் இருந்தால் அந்த நொடியே எம்.சி.பி.யோ (மின்னோட்டம் மிகுந்தால் விழும் சுவிட்ச்) 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோ (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) விழுந்துவிடும். எனவே உள்ளே எர்த் திருகு இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கண் லக் (வயர் முனைக்கு மாட்டும் உலோக வளையம்) அழுத்திய பச்சை வயர் ஒன்று பெட்டிக்கு, ஒன்று சாக்கெட்டுக்கு.

பிவிசி பெட்டியைக் கடையிலேயே சோதிக்கலாம். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே குழிந்தால் செங்கல்லுக்கும் கலவைக்கும் நடுவில் அது சதுரமாக நிற்காது, பிறகு பிளேட் ஏறாது. திருகு இறங்கும் காதில் பித்தளை மரை பதித்திருக்கிறதா பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகு மூன்றாவது முறை கழற்றி மாட்டும்போது சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

இரண்டு வகையிலும் நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஒரு பக்கக் காதில் மேலும் கீழும் நகரும் நட், 20, 25 மி.மீ. பைப் இரண்டுக்கும் உடைத்துக்கொள்ளும் நாக்-அவுட் (தட்டினால் கழன்று ஓட்டையாகும் வட்டம்), பூச்சு முடியும்வரை மூடிவைக்கச் சன்னமான மூடி ஆகியவை உள்ள பெட்டி சில ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். மூடி இல்லாவிட்டால் தெர்மோகோல் துண்டை இறுக்கி அடையுங்கள். சிமெண்ட் மூட்டைக் காகிதம் வேண்டாம். ஈரத்தில் ஊறிக் கலவையை உள்ளே விட்டு, மரையையும் அடைத்துவிடும்.

பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த பிறகு சுவிட்ச் பிளேட் மாட்டினால் சில இடங்களில் சுவரோடு ஒட்டவில்லை, சில இடங்களில் திருகே எட்டவில்லை. யார் தப்பு?
– வாசகி, சேலம்

கொத்தனாரும் எலக்ட்ரீசியனும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். பெட்டி வைத்தபோது பூச்சு மட்டம் எதுவென்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் நடந்தது.

உள்சுவர்ப் பூச்சு பொதுவாக 12 மி.மீ., அதாவது நாலு நூல். பெட்டியின் வாய் செங்கல் முகத்திலிருந்து அந்த நாலு நூல் வெளியே நிற்க வேண்டும். சமையலறையில் டைல்ஸ் வருமென்றால் பூச்சு, ஒட்டும் கலவை, டைல்ஸ் கனம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 மி.மீ. ஆகிவிடும். பெரும்பாலும் திருகு எட்டாமல் போவது சமையலறை மேடைக்கு மேல்தான்.

சரியான வரிசை இது. கொத்தனாரிடம் பூச்சு மட்டத்துக்குப் பொட்டு (பூச்சின் கனத்தைக் காட்டும் சின்னக் கலவைத் திட்டு) வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பொட்டுகளுக்கு நடுவில் நூல் கட்டி, பெட்டி வாயை நூலுக்கு 1 அல்லது 2 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள். ரசமட்டத்தைப் பெட்டியின் மேல் விளிம்பில் வைத்துப் பாருங்கள். பெட்டிக்காகச் செதுக்கிய காடியில் தண்ணீர் தெளித்து, 1:3 சிமெண்ட்–மணல் கலவையால் நாலு பக்கமும் பின்புறமும் இறுக்குங்கள். இரண்டு ஆணியடித்து அதன்மேல் தொங்கவிடுவது பதித்தல் ஆகாது. பிளக்கைப் பிடுங்கும்போது பெட்டியும் சேர்ந்து ஆடும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்துவிட்டதால்: திருகு எட்டாத இடத்தில் அதே மரையில் நீளமான திருகு போடலாம். பெட்டி 10 மி.மீ.க்கு மேல் உள்ளே போயிருந்தால் சுற்றிலும் பூச்சு விளிம்பு தெரியும். அங்கே பெட்டி அளவுக்கே வரும் நீட்டிப்புச் சட்டம் போடுவது முறை. பெட்டி வெளியே துருத்தினால் குறுக்குவழி இல்லை. எடுத்துத்தான் வைக்க வேண்டும்.

கீசர் மாட்டிய 16 ஆம்பியர் சாக்கெட் இரண்டாவது முறையாகக் கருகிவிட்டது. நல்ல பிராண்டுதான். கீசரில் கோளாறா?
– வாசகர், கோயம்புத்தூர்

முதல் சந்தேகம் கீசர்மேல் வேண்டாம், திருகுமேல் படுங்கள்.

3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். வயர் முனை தளர்ந்து, அந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலும் 13 × 13 × 0.1, ஏறக்குறைய 17 வாட் வெப்பம் அந்தப் புள்ளியில் மட்டும் உண்டாகிறது. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சாக்கெட்டுக்குள் வைத்துப் பூட்டியது போல. மின்னோட்டம் கூடவில்லை என்பதால் எம்.சி.பி. விழாது, ஆர்.சி.சி.பி.க்கும் இது கசிவு அல்ல. கருகும் வாசனைதான் எச்சரிக்கை.

தளர்வது ஏன்? நம் வீட்டு வயர்கள் பல இழை கொண்டவை: 2.5 சதுர மி.மீ. வயரில் 36 இழை, 4 சதுர மி.மீ.யில் 56 இழை, ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. வெறும் இழைகளைத் திருகு நேராக அழுத்தினால் சில வெட்டுப்படும், சில ஒதுங்கும். சூடேறி ஆறும்போது பிடி இன்னும் தளரும். போதாததற்கு, ஆழமில்லாத பெட்டியில் விறைப்பான 4 சதுர மி.மீ. வயரை மடித்துத் திணிக்கும்போது அந்த மடிப்பே முனையை வெளியே தள்ளுகிறது. இரண்டு முறையும் ஒரே இடத்தில் கருகியிருந்தால் பெட்டியின் ஆழத்தை அளந்து பாருங்கள்.

மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, கருகிய வயரைச் செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டச் சொல்லுங்கள். கறுத்த செம்பில் போட்ட புது சாக்கெட்டும் கருகும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். இழைகளின் முனையில் ‘பின் லக்’ எனும் ஊசி போன்ற உலோக முனையை மாட்டி, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும், கட்டிங் பிளையரால் அல்ல. திருகை முடுக்கியபின் வயரை இழுத்துப் பார்க்க வேண்டும். கீசர் பிளக்கின் பின்னும் நிறம் மாறியிருந்தால் பிளக்கையும் மாற்றுங்கள். ஒரு வாரம் ஓடியபின் மெயினை அணைத்துவிட்டுத் திருகை மறுபடி ஒரு முறை பார்ப்பது நல்ல பழக்கம்.

ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூல் (போனிலிருந்து விளக்கை இயக்க உதவும் சின்ன டப்பி) வாங்கினேன். சுவிட்சுக்குப் பின்னால் வைத்தால் பிளேட் மூடவில்லை. நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்) வேறு கேட்கிறது. என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பெட்டிக்குள் எத்தனை வயர் போகலாம் என்பதற்கு அமெரிக்க விதியில் நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. சுமார் 2 சதுர மி.மீ. வயர் ஒவ்வொன்றுக்கும் 2 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 33 கன செ.மீ. இடம். சட்டத்தோடு வரும் ஒரு சுவிட்ச் இரண்டு வயருக்குச் சமம். நம்மூர் மாடுலர் பெட்டிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது; ஆனாலும் பெட்டி திணறுகிறதா என்று பார்க்க உதவும். உள் அளவு 7 × 7 × 4.5 செ.மீ. என்றால் 220 கன செ.மீ., ஆறேழு வயருக்கு இடம். இரண்டு சுவிட்சுக்கு நாலு வயரை ஒதுக்கினால் மிச்சம் இரண்டு. இதற்குள் மாட்யூலையும் நுழைத்தால் பிளேட் எப்படி மூடும்?

சுவரை உடைக்காமல் வழி வேண்டுமென்றால், மாட்யூலை அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். அதே பைப் போய்ச் சேரும் விளக்குப் பாயிண்டின் ஜங்ஷன் பாக்ஸில் பெரும்பாலும் இடமும் இருக்கும், நியூட்ரலும் இருக்கும். சுவிட்சிலிருந்து அங்கே போகும் வயர்கள் மாட்யூலுக்குப் போதுமா என்று அதன் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நியூட்ரல் வேண்டாத மாட்யூல்களும் உண்டு. அவை விளக்கின் வழியாகவே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு விழித்திருக்கும். அதனால் சின்ன எல்.ஈ.டி. பல்பு அணைத்த பிறகும் மினுக்கும். அதற்காக அவர்களே ஒரு கெப்பாசிட்டர் தருகிறார்கள், அதை விளக்குக்கு இணையாகப் போட வேண்டும்.

வைஃபை மாட்யூலை மெட்டல் பாக்ஸுக்குள் வைத்தால் சிக்னல் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வீடு கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு: எல்லாப் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல், 60 மி.மீ. ஆழம், இப்போது தேவைப்படுவதைவிட ஓர் அளவு பெரிய பெட்டி. 4 மாடுல் (ஒரு சின்ன சுவிட்சின் அகலம் ஒரு மாடுல்) போதும் என்ற இடத்தில் 6 மாடுல் வைத்து, மிச்ச இடத்தை டம்மியால் மூடுங்கள்.

மெட்டல் பாக்ஸில் பைப் நுழையும் ஓட்டையில் வயர் உரசிக் கிழிகிறது.
– எலக்ட்ரீசியன், திருப்பூர்

நாக்-அவுட்டை உடைத்தபின் அரை வட்ட அரத்தால் பிசிறை எடுங்கள். பைப் முனையை வெறுமனே செருகி நிறுத்தாமல், மரை உள்ள பிவிசி அடாப்டரை வெளியிலிருந்து விட்டு உள்ளே லாக் நட் போடுங்கள். வயர் தகட்டைத் தொடவே தொடாது, கலவையும் இறங்காது. தேவைக்கு மேல் உடைத்த ஓட்டையை நடுவில் துளையில்லாத ரப்பர் குரோமெட்டால் (ஓட்டையில் பொருந்தும் ரப்பர் மூடி) அடைத்துவிடுங்கள். திறந்துவிட்டால் பல்லி வர அந்த ஓட்டையே போதும்.

அடுத்த வாரம் மேல்தளக் கான்கிரீட். ஃபேன் பாக்ஸ் வைப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகி, திருநெல்வேலி

முதலில், பாரத்தைப் பெட்டி தாங்கக் கூடாது. பெட்டி வயருக்கு, பாரம் ஹூக்குக்கு. பெட்டியோடு சன்னக் கம்பி வெல்டிங் செய்து வரும் ரகத்தை நம்ப வேண்டாம். 10 அல்லது 12 மி.மீ. கம்பியில் ஹூக் வளைத்து, அதன் இரண்டு கைகளும் பெட்டிக்கு மேலே பக்கத்துக்கு அரையடியாவது விரிந்து, தளத்தின் முதன்மைக் கம்பிகளுக்கு மேலே ஏறி உட்கார வேண்டும். கட்டுக்கம்பியால் கட்டுவது நகராமல் இருக்கத்தான்.

ஹூக்கின் வளைவு பெட்டிக்குள் அடங்க வேண்டும், ஃபேனை ஹூக்கில் தொங்கவிடும் ஷேக்கிளின் போல்ட் நுழைய இடமும் வேண்டும். மாட்டப்போகும் ஷேக்கிள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். கான்கிரீட் விழுந்தபின் இதைத் திருத்த முடியாது. கரையோர ஊராக இருந்தால் வெளியே தெரியும் பகுதிக்குத் துரு தடுப்புப் பெயிண்ட் இரண்டு கை.

பெட்டியைச் சென்ட்ரிங் பலகையில் வாய் கீழாக வைத்து ஆணியடித்து, உள்ளே தெர்மோகோல் அடைத்து, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பைப் 25 மி.மீ., கனமான ரகம், இணைப்புகளில் சால்வெண்ட் சிமெண்ட். இரண்டு பெட்டிக்கு நடுவில் இரண்டு பெண்டுக்கு மேல் வேண்டாம். பைப் கீழ்க்கம்பிக்கு மேலே ஓட வேண்டும், பலகையில் கிடக்கக் கூடாது. வைப்ரேட்டர் ஓடும்போது எலக்ட்ரீசியன் தளத்தில் நிற்கட்டும். மிதிபட்டுக் கழன்ற பைப்பை அந்த நேரத்தில்தான் பிடிக்க முடியும்.

வெளிச்சுவரில் மோட்டாருக்கு ஐ.பி. 65 பெட்டி வைத்தோம். மழை புகாது என்றார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர், எறும்பு வேறு.
– வாசகர், நாகப்பட்டினம்

ஐ.பி. என்பது தூசிக்கும் நீருக்கும் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண். முதல் இலக்கம் 6 என்றால் தூசி புகாது, இரண்டாவது 5 என்றால் பீய்ச்சும் தண்ணீர் புகாது. தொழிற்சாலையை விட்டு வரும்போது பெட்டி அப்படித்தான் இருக்கும். நாம் மேல்பக்கம் ஓட்டை போட்டு வயரை விட்டதும் அந்த எண் போய்விடும். வயர்கள் கீழ்ப்பக்கத்தில் மட்டும் நுழையட்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் தடிப்புக்கேற்ற கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுகி ஓட்டையை அடைக்கும் நட்); எம் 20 கிளாண்ட் பொதுவாக 6 முதல் 12 மி.மீ. கேபிளைப் பிடிக்கும். ஒரே கிளாண்டில் மூன்று தனி வயரை விட்டால் நடுவில் சந்து இருக்கும். எறும்புக்கு அதுவே வாசல். நுழையும் முன் கேபிள் கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் அதில் வழியும் நீர் பெட்டிக்கு வராமல் சொட்டிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நீர் இருந்தால் அது மழைநீர் அல்ல. பகலில் சூடேறி வெளியேறும் காற்று, இரவில் குளிரும்போது ஈரத்தோடு திரும்ப உறிஞ்சப்பட்டு உள்ளே வியர்க்கிறது. தரைக்குள்ளிருந்து வரும் பைப்பின் வாயும் இதே வேலையைச் செய்யும். பெட்டிக்குள் அதன் வாயைச் சீலிங் பசையால் அடையுங்கள். கீழ்ப்பக்கம் நீர் வடியும் பிரீதர் பிளக் ஒன்று மாட்டலாம். கிடைக்காவிட்டால் 5 மி.மீ. ஓட்டை போட்டு, துருப்பிடிக்காத வலையை உள்ளே ஒட்டுங்கள். ஐ.பி. எண் குறையத்தான் செய்யும். அடைபட்ட ஈரத்தைவிட அது மேல்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வயர்களை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். பரவாயில்லையா?
– வாசகர், ஓசூர்

கூடாது. வெப்பத்தில் டேப்பின் பசை இளகி அவிழும். கீழே ஜிப்சம் போர்டு இருப்பதால் அவிழ்ந்தது கண்ணில் படாது, மேலே மரச்சட்டம் இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஒவ்வொரு இணைப்பும் மூடியுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும், அந்தப் பெட்டியைக் கையெட்டித் திறக்க முடிய வேண்டும். டவுன்லைட் துளை வழியாக எட்டினாலும் சரி. முறுக்குவதற்குப் பதில் லிவர் கனெக்டர் (சின்ன நெம்பை மூடினால் வயரைக் கவ்விப் பிடிக்கும் இணைப்பான்) போடச் சொல்லுங்கள். வாகோ நிறுவனத்தின் 221 வகையில் 4 சதுர மி.மீ. வரைக்குமான கனெக்டருக்கு வயரை 11 மி.மீ. உரித்தால் போதும், லிவரை மூடியபின் செம்பு வெளியே தெரியக் கூடாது.

லண்டனில் இருக்கும் மகன் அங்கிருந்து சுவிட்ச் பிளேட் அனுப்புகிறேன் என்கிறான். நம் பெட்டியில் பொருந்துமா?
– வாசகி, காரைக்குடி

பொருந்தாது. அங்கே ஒற்றைப் பிளேட்டின் திருகு இடைவெளி 60.3 மி.மீ.; நம் மாடுலர் பெட்டியின் காதுகள் வேறு இடைவெளியில் இருக்கும். அந்த ஊர்ச் சாக்கெட்டில் நம் வட்டமுனைப் பிளக்கும் நுழையாது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் நல்ல கிரிம்பிங் கருவி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.